தேக்காவில் வாங்கும் பொட்டலம் மருத்துவர் மேசைக்கும் வரட்டும்

(‘கருவுற்ற பெண்களும் நாட்டு மருந்தும்’ என்ற தலைப்பில் தொலைக்காட்சி அரங்கில் ஆற்றப்பட்ட உரை)



சிங்கப்பூரில் பிள்ளைப்பேற்றைப் பற்றிப் பேச வந்தால் தேக்காவைத் தொடாமல் பேச முடியாது. ‘கண்டாங் கெர்பாவ்’ என்றால் மலாய் மொழியில் எருமைத் தொழுவம். சிராங்கூன் சாலைப் பக்கம் மாடு வளர்த்த காலத்துப் பெயர் அது. அந்த வட்டாரத்தில் 1858ல் தொடங்கிய மருத்துவமனை, 1924 அக்டோபர் 1 முதல் மகப்பேற்று மருத்துவமனையாக இயங்கியது. 1966ஆம் ஆண்டில் மட்டும் அங்கே ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. அது அந்நாளில் உலகச் சாதனை. கின்னஸ் நூலிலும் இடம்பெற்றது. 1997ல் புக்கிட் தீமா சாலையில் புதிய கட்டடத்திற்கு மாறிய பிறகும், கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை தேக்காவை விட்டு விலகிப் போகவில்லை. மருத்துவமனையிலிருந்து சில நிமிடங்கள் நடந்தால் தேக்கா சந்தை. அதைத் தாண்டினால் பஃபலோ ரோடு, கேம்பல் லேன், சிராங்கூன் சாலைக் கடைகள்.

ஆகவே, பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிப் பெண் பலநேரம் இரண்டு பைகளோடு வீடு திரும்புகிறார். ஒரு பையில் மருத்துவர் கொடுத்த ஃபோலிக் அமிலம், இரும்புச் சத்து மாத்திரை. இன்னொரு பையில் சுக்கு, அதிமதுரம், குங்குமப்பூ, ஏதோ ஒரு லேகியம், பெயர் எழுதாத ஒரு சூரணம். முதல் பையைக் கொடுத்த மருத்துவருக்கு இரண்டாவது பை தெரியாது. இரண்டாவது பையைக் கொடுத்த கடைக்காரருக்கு முதல் பை தெரியாது. ஆனால் இரண்டும் போய்ச் சேரும் இடம் ஒரே வயிறு. அந்த வயிற்றுக்குள் இன்னொரு உயிரும் இருக்கிறது.

நாட்டு மருந்து நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவது இன்றைய நோக்கமில்லை. அந்த இரண்டு பைகளையும் ஒரே மேசையில் வைக்க வேண்டும். அதுதான் இன்றைய பேச்சு.

சமையலா, மருந்தா?

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வோம். சமையலில் சேரும் அளவு வேறு, மருந்தாகச் சாப்பிடும் அளவு வேறு. ரசத்தில் போடும் மிளகு, குழம்பில் தாளிக்கும் வெந்தயம், காய்கறியில் தூவும் மஞ்சள் இவற்றையெல்லாம் கண்டு கர்ப்பிணி பயப்பட வேண்டியதில்லை. அதே பொருளைக் கைப்பிடி கைப்பிடியாகக் காய்ச்சிக் குடிக்கும்போது, அல்லது சாறு இறக்கி மாத்திரையில் அடைத்து விழுங்கும்போது, அது மருந்தாகிவிடுகிறது. மருந்து என்றால் அதற்கு அளவு உண்டு, விளைவு உண்டு, பக்கவிளைவும் உண்டு.

இஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மசக்கைக்கு இஞ்சி நல்லது என்று நம் பாட்டிமார் சொன்னதை மருத்துவ ஆய்வுகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. கர்ப்பகாலக் குமட்டலுக்கு மருந்தில்லாத வழிகளில் ஒன்றாக இஞ்சியை அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கழகமும் சொல்கிறது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்த அளவு, நாளுக்கு 1 கிராம் இஞ்சிப்பொடி. அதாவது இரண்டு மூன்று தடவை குடிக்கும் இலேசான இஞ்சித் தேநீர் போதும். ‘ஒரு கிராம் நல்லதென்றால் பத்து கிராம் பத்து மடங்கு நல்லது’ என்று கணக்குப் போடக் கூடாது. தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தால், இஞ்சியை நம்பி வீட்டில் இருக்கவும் கூடாது. உடலில் நீர் வற்றிவிடும். மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

அடுத்து குங்குமப்பூ. பாலில் போட்டுக் குடித்தால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை இன்றும் இருக்கிறது. பிள்ளையின் நிறம் பெற்றோர் வழி வருவது. பூவுக்கும் நிறத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வாசனைக்காக இரண்டு மூன்று இழை போட்டுப் பால் குடிப்பதில் கெடுதல் இல்லை. கிராம் கணக்கில் சாப்பிட்டால் கருப்பையைத் தூண்டும். 5 கிராமுக்கு மேல் போனால் நஞ்சு. விலை உயர்ந்த பொருள் என்பதால் கலப்படமும் அதிகம். நிறத்துக்காக அதைத் தேடி அலைவதைவிட, அந்தப் பணத்தில் பழமும் மீனும் முட்டையும் வாங்கலாம்.

அதிமதுரம் இருமலுக்கும் தொண்டைக்கும் நாம் கைவைக்கும் முதல் சரக்கு. சீன மருந்துகளிலும் அது அதிகம் சேர்கிறது. ஆனால் அதிமதுரத்தை அதிகம் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். பின்லாந்து நாட்டில் அதிமதுர மிட்டாய் மிகப் பிரபலம். கர்ப்ப காலத்தில் அதை அதிகமாகச் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளை அங்குள்ள ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். எட்டு வயதில் அந்தப் பிள்ளைகள் சில அறிவுத்திறன் சோதனைகளில் பின்தங்கியிருந்ததாக 2009ல் எழுதினார்கள். இரத்த அழுத்தம் உள்ள கர்ப்பிணி அதிமதுரக் கஷாயத்தைத் தினமும் குடிப்பது சரியில்லை. எப்போதாவது வாயில் ஒரு துண்டு ஒதுக்கியவர்கள் அலற வேண்டியதில்லை. தொடர்ந்து அதிக அளவில் சாப்பிடுவதைத்தான் நிறுத்த வேண்டும்.

வெந்தயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பிரசவம் நெருங்கும்போது தாய் வெந்தயத் தண்ணீரை நிறையக் குடித்தால், பிறந்த குழந்தையின் உடலிலும் சிறுநீரிலும் ஒருவித வெல்லப்பாகு வாசனை வருவதுண்டு. அதே போன்ற வாசனை, கொடிய பிறவி நோய் ஒன்றுக்கும் அடையாளம். தாய் வெந்தயம் சாப்பிட்டது தெரியாமல், பச்சைக் குழந்தையை அந்த நோய்க்காகப் பரிசோதனை செய்த நிகழ்ச்சி 2001ல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ‘வெந்தயம் குடித்தேன்’ என்று தாய் முன்பே சொல்லியிருந்தால் எவ்வளவு பதற்றம் மிச்சமாகியிருக்கும்!

பப்பாளி: சிங்கப்பூரே ஆராய்ந்து பார்த்த கேள்வி

கர்ப்பிணி பப்பாளி சாப்பிடலாமா என்பது நம் வீடுகளில் தீராத வழக்கு. இந்த வழக்கை ஆய்வுக்கூடத்திற்கே கொண்டுபோனவர்கள் சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அடெபியி, கணேசன் அடைக்கன், பிரசாத் ஆகிய மூவரும் எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2002ல் வெளிவந்தது. நன்றாகப் பழுத்த பப்பாளியைத் தின்ற எலிகளின் கருவுக்குத் தீங்கு தெரியவில்லை. பழுத்த பழச்சாறு கருப்பைத் தசையைக் குறிப்பிடும்படி சுருக்கவும் இல்லை. ஆனால் காயிலிருந்து வடியும் பால் கருப்பைத் தசையை இழுத்துச் சுருக்கியது. பிரசவ வலியைத் தூண்டும் ஆக்சிடோசினைப் போலவே அது வேலை செய்தது.

ஆக, பெரியவர்கள் சொன்னதில் பாதி சரி. பால் வடியும் பப்பாளிக் காயும் செங்காயும் வேண்டாம். கூட்டு, பொரியல், தாய்லாந்துக் கடைகளில் கிடைக்கும் பச்சைப் பப்பாளி சாலட் எல்லாமே இதில் அடங்கும். நன்றாகக் கனிந்த பழத்தை அளவோடு சாப்பிட்டதற்காக இரவெல்லாம் தூங்காமல் அழ வேண்டியதில்லை. பாட்டி சொல்லையும் மருத்துவர் சொல்லையும் எதிரெதிரே நிறுத்தாமல், இரண்டையும் வைத்து உரசிப் பார்த்தால் இப்படித் தெளிவு கிடைக்கும்.

வீட்டில் இருக்கும் சில எச்சரிக்கைகள்

சில மூலிகைகள் பிற நேரத்தில் நல்ல மருந்து. கர்ப்ப காலத்தில் மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டியவை.

ஆடாதோடை இருமலுக்குப் பெயர்பெற்றது. அதில் உள்ள வாசிசின் என்ற பொருள் கருப்பையைச் சுருங்கச் செய்யும். இருமல் மருந்துப் புட்டியில் ஆடாதோடை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சோற்றுக் கற்றாழையின் தோலை ஒட்டி வரும் மஞ்சள் பால் கடுமையான பேதி மருந்து. வயிற்றைக் கலக்கும்போது கருப்பையும் கலங்கும். முகத்தில் பூசுவது வேறு, குடிப்பது வேறு.

வேப்பெண்ணெய் கருத்தடைக்காகவே ஆராயப்பட்ட பொருள். குடற்பூச்சிக்கு என்று அதைக் கர்ப்பிணி உள்ளே சாப்பிடக் கூடாது.

அமுக்கரா கிழங்கு, அதாவது அஸ்வகந்தா, இப்போது உலகம் முழுவதும் மாத்திரையாக விற்பனையாகிறது. கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. டென்மார்க் 2023ல் அதைத் தன் நாட்டில் விற்கவே தடை விதித்தது. தூக்கம் வரவில்லை, களைப்பாக இருக்கிறது என்று சொல்லும் கர்ப்பிணிக்கு அன்போடு வாங்கிக் கொடுக்கும் பொருள் இதுவாக இருக்கக் கூடாது.

விளக்கெண்ணெய் குடித்தால் சீக்கிரம் வலி வரும் என்பது பழைய வழக்கம். அது குடலைக் கலக்கி வாந்தி பேதியைத் தரும். பிரசவத்துக்குத் தெம்போடு போக வேண்டிய பெண் சோர்ந்துபோய்ப் படுக்க நேரும். மருத்துவரைக் கேட்காமல் வீட்டில் இதைச் செய்யாதீர்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கவனம் தேவைப்படுவது முதல் மூன்று மாதம். மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்திற்குள் குழந்தையின் இதயமும் மூளையும் கை கால்களும் உருவெடுத்துவிடுகின்றன. பல பெண்களுக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அப்போதுதான் தெரியவரும். பிள்ளை வேண்டும் என்று காத்திருக்கும் பெண்கள், நாள் தள்ளிப்போவதற்கு முன்பிருந்தே தாங்கள் சாப்பிடும் சூரணங்களைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மரமஞ்சளும் குழந்தையின் மஞ்சள் காமாலையும்

இனி சிங்கப்பூரிலேயே நடந்த ஒரு வரலாறு. 1950களிலும் 60களிலும் இங்கே பிறந்த குழந்தைகள் பலருக்குக் கடுமையான மஞ்சள் காமாலை வந்தது. பித்தநிறமி இரத்தத்தில் அளவுக்கு மேல் ஏறி மூளையில் படிந்தது. பல குழந்தைகள் இறந்தன; தப்பிய குழந்தைகள் சிலருக்கு வாழ்நாள் முழுவதும் ஊனம். குழந்தை மருத்துவப் பேராசிரியர் வொங் ஹொக் பூன் இதன் காரணத்தைத் தேடினார். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளே பெரும்பாலும் பாதிக்கப்பட்டதை அவர் எடுத்துக் காட்டினார். அந்தக் குறை உள்ளவர்களுக்குச் சில பொருள்கள் பட்டாலே சிவப்பணுக்கள் உடையும். அலமாரியில் போடும் அந்துருண்டையின் வாடையும் அவற்றுள் ஒன்று. 1965 முதல் சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதிக்கும் வழக்கம் வந்தது. மூளையைப் பாதிக்கும் அந்தக் காமாலை படிப்படியாக மறைந்தது.

இதில் மூலிகை எங்கே வந்தது? சீனக் குடும்பங்களில் ‘ஹுவாங் லியான்’ என்ற கசப்பு வேரைக் கர்ப்பிணிக்கும் பச்சைக் குழந்தைக்கும் கொடுப்பார்கள். அதில் பெர்பரின் என்ற மஞ்சள் பொருள் இருக்கிறது. அது காமாலையைக் கூட்டுகிறது என்ற அச்சத்தால், 1978ல் சிங்கப்பூரில் பெர்பரினுக்குத் தடை வந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆதாரங்களை மறுபடி அலசினார்கள். குழந்தைகளுக்குச் சோதனை முறையும் சிகிச்சையும் நன்றாக அமைந்துவிட்டன. ஆகவே 2013ல் தொடங்கி 2016ல் முடியும்படி, தடையைப் படிப்படியாகத் தளர்த்தினார்கள். ஆனாலும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் ஜி6பிடி குறை உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அப்படியே நிற்கிறது.

இது சீனர் வீட்டுக் கதை என்று நாம் நகர்ந்துவிட முடியாது. நம் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மரமஞ்சளிலும் அதே பெர்பரின்தான் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மரமஞ்சள் என்றால் ஒரு கொடி. வடஇந்தியாவில் அதே மருந்துக்கு வேறொரு செடி. இரண்டிலுமே பெர்பரின் உண்டு. பெயர் வேறு, மொழி வேறு, உள்ளிருக்கும் பொருள் ஒன்று. ஜி6பிடி குறை இந்தியக் குழந்தைகளுக்கும் வருவதுதான். குடும்பத்தில் யாருக்காவது அந்தக் குறை இருந்தால், பேறுகாலப் பரிசோதனையின்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த வரலாற்றில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஆபத்து என்று தெரிந்தபோது தடுத்தார்கள். புதிய ஆதாரம் வந்தபோது தளர்த்தினார்கள். மருத்துவம் மூலிகைக்கு விரோதி அல்ல. அது கேட்பது ஆதாரம் ஒன்றைத்தான்.

நியூயார்க்கில் ஆறு பெண்கள்

இதுவரை பேசியது இலை, வேர், பழம். இனிப் பேசப்போவது அவற்றைவிட ஆபத்தானது.

2011, 2012ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிப் பெண்களின் இரத்தத்தில் ஈயம் அதிகமாக இருப்பது தெரியவந்தது. கர்ப்பிணியின் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். இந்தப் பெண்களுக்கு அது 16 முதல் 64 வரை இருந்தது. அவர்கள் ஈயத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் அல்லர். இந்தியாவில் தயாரான ஆயுர்வேத மாத்திரைகளைச் சாப்பிட்டவர்கள். நகர சுகாதாரத் துறை அந்த மாத்திரைகளைச் சோதித்தபோது, ஒன்றில் நூற்றுக்கு 2.4 பங்கு ஈயமே இருந்தது. சிலவற்றில் பாதரசமும் ஆர்செனிக்கும் இருந்தன. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வாழ்ந்த அந்தப் பெண்கள், ஊர் மருந்து உடம்புக்கு நல்லது என்று நம்பித்தான் விழுங்கினார்கள்.

ஈயம் தாயோடு நிற்பதில்லை. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையின் இரத்தத்திற்குப் போகிறது. கருச்சிதைவு, குறைப்பிரசவம், எடைக்குறைவு, வளரும் மூளைக்குப் பாதிப்பு என்று அதன் விளைவுகள் நீளும். ஈயம் எலும்பிலும் தங்கிவிடும். கர்ப்ப காலத்தில் குழந்தைக்காக எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து இறங்கும்போது, பழைய ஈயமும் கூடவே இறங்கும்.

இது ஏதோ ஒரு கடையில் நடந்த தவறு என்றும் ஒதுக்க முடியாது. பாஸ்டன் நகர்ப்பக்கம் இந்தியக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்த மருத்துவர்கள், 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றேனும் இருப்பதாக 2004ல் எழுதினார்கள். ஐந்தில் ஒரு பங்கு! இந்திய அரசு 2006 ஜனவரி முதல், முழுக்க மூலிகையால் ஆன ஏற்றுமதி மருந்துகளுக்கு உலோகச் சோதனையைக் கட்டாயமாக்கியது.

ஆனால் பற்பம், செந்தூரம், ரசம் என்ற பெயரில் வருபவை வேறு வகை. அவற்றில் உலோகத்தையோ கனிமத்தையோ வேண்டுமென்றேதான் சேர்க்கிறார்கள். பெயரின் முடிவில் ‘பற்பம்’, ‘செந்தூரம்’, ‘ரஸ்’ என்று வந்தால் கர்ப்பிணி அதைக் கீழே வைத்துவிடுவது நல்லது. முத்திரை இல்லாத சூரணமும், யாரோ வைத்தியர் கையால் கட்டிக் கொடுத்த பொட்டலமும் அப்படியே. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் பயந்து மறைக்காதீர்கள். இரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. சாப்பிடுவதை நிறுத்துவதே முதல் சிகிச்சை.

இங்கே சட்டம் எதைப் பார்க்கிறது?

‘கடையில் விற்கிறார்களே, அரசாங்கம் பார்க்காமலா இருக்கும்?’ என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1999 செப்டம்பர் முதல், சிங்கப்பூரில் தயாரித்து அடைத்து விற்கும் சீன மருந்துகளைப் பட்டியலிட வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. சீன மருத்துவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற சட்டம் 2000ஆம் ஆண்டில் வந்தது. இந்திய, மலாய் பாரம்பரிய மருந்துகளின் நிலை வேறு. அவற்றை விற்பதற்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் தேவையில்லை. தரத்திற்கும் பாதுகாப்பிற்கும் பொறுப்பு அதை இறக்குமதி செய்து விற்பவருடையது. ஈயம், பாதரசம் போன்றவற்றுக்கு ஆணையம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. மீறியது தெரிந்தால் நடவடிக்கை எடுக்கும், மக்களை எச்சரிக்கும்.

ஆனால் ஊரிலிருந்து சித்தி பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் லேகியப் புட்டியை எந்த ஆணையம் சோதிக்கும்? அதற்குக் காவல் நாம்தான். மருந்தின் பெயர், உட்பொருள்கள், தயாரித்த நிறுவனம், தயாரித்த நாள், காலாவதி நாள் இவை ஐந்தும் அட்டையில் இல்லையென்றால், அது கர்ப்பிணிக்கு உரிய மருந்தில்லை. கடைக்குப் போனால் ‘நான் மாசமாக இருக்கிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல கடைக்காரர் அதைக் கேட்டதும் தயங்குவார். அந்தத் தயக்கத்தை மதியுங்கள்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது?

சரி, இவ்வளவும் தெரிந்துவிட்டது. வீட்டில் எப்படிச் சொல்வது? பல பெண்களுக்கு இதுதான் உண்மையான சிக்கல். மாமியார் விடியற்காலையில் எழுந்து, கால் வலியோடு நின்று, கஷாயம் காய்ச்சி, ஆற வைத்துக் கொண்டுவந்து நீட்டுகிறார். வேண்டாம் என்றால் அவர் மனம் நோகும். குடித்தால் தன் மனம் கிடந்து அடித்துக்கொள்ளும். கடைசியில் குடித்துவிட்டு, டாக்டர் திட்டுவாரோ என்று அங்கே மறைத்துவிடுகிறார். இரண்டு பக்கமும் நல்ல பிள்ளை என்ற பெயர் கிடைக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்கு மட்டும் காவல் இல்லாமல் போகிறது.

எதிர்த்துப் பேச வேண்டாம். ‘அத்தை, நீங்க செஞ்சு கொடுக்கறது எனக்குத் தெம்பா இருக்கு. இதுல என்னென்ன போட்டிருக்கீங்கன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன். புதன்கிழமை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்து குடிக்கிறேன். நீங்களும் கூட வாங்களேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அழைத்துப் போய் மருத்துவர் முன் உட்காரவைத்தால், பாதி மனத்தாங்கல் அங்கேயே தீரும். கணவர்மார்களே, இந்தப் பேச்சை மனைவி தலையில் மட்டும் கட்டிவிட்டு நீங்கள் நழுவக் கூடாது. உங்கள் அம்மாவிடம் நீங்கள் சொன்னால் அது பேச்சு. மருமகள் சொன்னால் அது எதிர்ப்பேச்சு ஆகிவிடும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பிணிக்குக் கடுமையான மருந்தும், வாந்தி பேதி சிகிச்சையும் ஆகாது. மென்மையாகவே பார்க்க வேண்டும் என்று சரக சம்ஹிதையே சொல்கிறது. மருத்துவரைக் கேட்டுக் கொடுப்பது நம் மரபுக்கு விரோதம் ஆகாது. மரபு சொன்ன எச்சரிக்கையும் அதுதான்.

மருத்துவர்களும் தாதியரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ஏனென்றால் கஷாயத்தை நம் பெண்கள் மருந்து என்று எண்ணுவதில்லை. ‘வீட்டில் கஷாயம், லேகியம், ஜாமு, சீன மூலிகைச் சாறு ஏதாவது குடிக்கிறீர்களா?’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் கேட்டதும் முகம் சுளிக்காதீர்கள். ஒருமுறை சுளித்தால், அடுத்த முறை உண்மை வராது.

கஷாயத்திற்குக் காத்திருக்காத நேரங்கள்

மாதம் நிறைந்த பெண்ணுக்கு வலி வந்தால், சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பது நம் வழக்கம். சூட்டு வலி என்றால் அடங்கும், பிரசவ வலி என்றால் தொடரும் என்பார்கள். சீரகத்தால் கெடுதல் இல்லை. காத்திருப்பதில்தான் கெடுதல். மாதம் நிறையும் முன்பே விட்டுவிட்டு வலி வந்தாலும், இரத்தம் பட்டாலும், பனிக்குடம் உடைந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். உடனே புறப்படுங்கள், தேவைப்பட்டால் 995ஐ அழையுங்கள்.

தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், திடீரென முகமும் கையும் வீங்குதல் இவை இரத்த அழுத்தத்தின் அறிகுறிகள். சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்துவிடக் கூடாது. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பெடுத்தால், அது ஈரல் தொடர்பான கோளாறாக இருக்கலாம். கீழாநெல்லி அரைத்துக் குடித்து நாள் கடத்தாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள் வெந்தயப் பொடி, சிறுகுறிஞ்சான் பொடி, பாகற்காய்ச் சாறு எல்லாவற்றையும் மருந்தோடு சேர்த்துச் சாப்பிட்டால், சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரலாம். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள், பூண்டு மாத்திரை, ஜிங்கோ போன்றவற்றைச் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவை இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக் கூடும்.

பிரசவம் முடிந்தாலும் இந்தக் கவனம் முடிவதில்லை. பிரசவ லேகியம் தாய்க்குத்தான் என்றாலும், தாய் சாப்பிடுவதில் ஒரு பங்கு பாலில் இறங்கும். பச்சைக் குழந்தையின் நாவில் உரைமருந்து தடவும் முன்பும் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள்.

நேயர்களே, அடுத்த முறை பலதுறை மருந்தகத்திற்கோ மருத்துவமனைக்கோ போகும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டில் சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். லேகியப் புட்டி, சூரணப் பொட்டலம், சத்து மாத்திரை, மாமியார் சொன்ன கஷாயத்தின் சரக்குப் பட்டியல், ஒன்றையும் விடாதீர்கள். தூக்க முடியாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல், நீங்களே மேசைமேல் எடுத்து வையுங்கள். ‘இதில் எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும்?’ என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் செய்யும் முதல் சீர் இதுவாக இருக்கட்டும்.